மணி கிலுக்காத நத்தார்ப் பாட்டு

இன்று காலை வெள்ளவத்தையில் சூப்பர் மார்க்கெட் வரிசையில் நிற்கிறேன். கையில் கேக்குக்கு வாங்கிய கஜுவும் பிளம்ஸும். தலைக்கு மேலே ஓர் ஒலிபெருக்கி. அதற்குள்ளே யாரோ மணியைக் கிலுக்கிக் கிலுக்கிப் பாடுகிறார்கள்: பனி கொட்டுகிறதாம், எல்லாருக்கும் சந்தோஷமாம். வெளியே வீதியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதே பாட்டு நாலாந்தரமும் தொடங்கியபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "தங்கச்சி, வேறை பாட்டு ஒண்டும் இல்லையோ?" என்று காசாளர் பெண்ணைக் கேட்டுவிட்டேன். "அன்ரி, அது ஹெட் ஒஃபிஸிலையிருந்து வாறது. எங்களுக்கு மாத்த ஏலாது," என்றாள் பாவம்.

உடனே நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். நீ உயிரோடு இருந்திருந்தால், "ஹெட் ஒஃபிஸ் நம்பரைத் தா பிள்ளை" என்று அங்கேயே தொடங்கியிருப்பாய். நான் உன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். முப்பது வருஷமாக நமக்குள் இருந்த ஏற்பாடு அதுதானே. நீ போய் நாலு மாதம் ஆகிறது. இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் என் கை சும்மா கிடக்கிறது. அதுதான் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். நீ யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சூட்கேஸோடும் உன் புருஷன் அன்ரன் அண்ணனோடும் வந்து எங்கள் ஒழுங்கையில் குடியேறியவள். மாதா கோயில் கொயரில் பாட உன்னை எனக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். முதல் நாளே என் காதுக்குள், "உன்ரை சுதி கீழை போகுது, என்னைப் பிடிச்சுக்கொண்டு வா" என்றாய். எனக்கு வந்த கோபம்! வந்து ஒரு கிழமை ஆகவில்லை, அதற்குள் ராங்கியைப் பார் என்று நினைத்தேன். ஆனால் என் சுதி கீழேதான் போய்க்கொண்டிருந்தது. அன்ரன் அண்ணன் பின்வரிசையில் நின்று பாடுவார். அவர் கீழ்க்குரலில் இறங்கினால் வாங்குப் பலகை அதிருகிறது என்று பகிடி பண்ணுவோம். அவரும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இறக்குவார்.

அந்தக் காலத்து கரோல் சுற்றை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் பட்டப்பகலில், மூன்று மணி வெயிலில், லொறியில் ஏறிப் போவோம். நத்தார் பாப்பா வேஷம் போட்டவருக்குப் பஞ்சுத் தாடி வியர்வையில் ஊறிக் கழுத்தில் தொங்கும். போகிற ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய பட்டியல் ஒன்று வேண்டும். அதில் பங்குச் சுவாமி கையெழுத்திட வேண்டும், பொலிஸ் முத்திரை குத்த வேண்டும், சோதனைச் சாவடியில் காட்ட வேண்டும். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தபடியால் அந்தப் பட்டியலை அடிக்கிற பொறுப்பு எனக்கு.

ஒரு வருஷம் ஒக்டோபரில் அன்ரன் அண்ணன் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த தன் அக்காவைப் பார்க்கப் போனார். அங்கே ராணுவச் சுற்றிவளைப்பு. அவரை ஜீப்பில் ஏற்றியதைத் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் கண்ணால் கண்டிருக்கிறார். அடுத்த நாள் சாட்சி சொல்ல வரச்சொல்லி நீ கேட்டபோது, தான் அன்றைக்குக் கடையே திறக்கவில்லை என்றார். பொலிஸ், முகாம் என்று நாமிருவரும் ஏறி இறங்காத இடமில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை. பிடிக்காத ஆளுக்கு முறைப்பாடு எதற்கு என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். அவர் காணாமல் போனார் என்று ஒரு துண்டுக் கடதாசியில்கூட ஒருவரும் எழுதித் தரவில்லை. நீ கேட்டது அதைத்தான். "ஆளைத் தராட்டிலும் பரவாயில்லை, ஆள் இல்லை எண்டாவது எழுதட்டும்," என்று பஸ்ஸில் வரும்போது நீ சொன்னது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

மார்கழி பிறந்தது. கரோல் ஒத்திகைக்கு நீ வந்தாய். வரமாட்டாய் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். கொயர் மாஸ்டர் இளைப்பாறிய எழுதுவினைஞர். நல்ல மனுஷன், ஆனால் எல்லாம் சட்டப்படி நடக்க வேண்டும் அவருக்கு. மணிப்பாட்டைத் தொடங்கி, "சிரிச்ச முகத்தோடை பாடுங்கோ, நத்தார் இது," என்றார். எல்லாரும் பல்லைக் காட்டினோம். நீ மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றாய்.

"ஏன் பிள்ளை பாடேல்லை?"

"எனக்குச் சிரிப்பு வராது மாஸ்டர். பாட்டு வேணுமெண்டா வரும்."

அவருக்கு முகம் கறுத்துப் போனது. "அப்பிடியெண்டா இந்த வருஷம் வீட்டிலை ஆறியிருக்கலாமே," என்றார், அன்பாகத்தான். "வீட்டை இருந்தா மட்டும் மணி கேக்காதோ?" என்று நீ திருப்பிக் கேட்டாய். ஒழுங்கை முழுக்க எல்லா வீட்டு ரேடியோவிலும் அந்த மணிதான் என்பது அவருக்கும் தெரியும். அவர் ஹார்மோனியத்தைத் திறந்தார்.

அன்று ஒத்திகை முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டு நின்றபோது என்னிடம் பொரிந்து தள்ளினாய். "இஞ்சை பார் ஜெசி, அந்தப் பிள்ளை பிறந்த கையோடை பட்டாளம் தேடி வந்தது. தாயும் தகப்பனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாட்டை விட்டே ஓடினவை. அதை ஆராவது பாடுறாங்களோ? மணியைத்தான் கிலுக்கிறாங்கள். எங்கடை கதையை எங்களுக்கே மறைச்சுப்போட்டு எங்களைச் சிரி எண்டுறாங்கள்." பிறகு அங்கேயே நின்று மெல்லப் பாடிக்காட்டினாய். பெரிய வெள்ளிக்கு இழுத்துப் பாடுகிற மெட்டு. சொல் மட்டும் உன்னுடையது.

சத்தம் போடாமல் உறங்கு மகனே,
சப்பாத்துச் சத்தம் வாசலிலே.
சத்திரம் தராத ஊரில் பிறந்தாய்,
சாட்சிக்கு மாடுதான் பக்கத்திலே.

"மாட்டுக்காவது சொல்லத் தைரியம் இருந்திருக்கும்," என்றாய் கடைசியில், அந்தத் தேநீர்க்கடைக்காரரை நினைத்து. இதைச் சுற்றில் பாடலாமா என்று மாஸ்டரிடம் கேட்டபோது அவர் துள்ளிக் குதித்தார். "நத்தாருக்குப் பெரிய வெள்ளி மெட்டோ? உனக்கென்ன விசரோ?" என்று கத்தினார். பாட்டு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இனித்தான் என் பிழை வருகிறது. அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டியலை அடித்தேன். போன வருஷத்துக் காபன் பிரதியைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்து, விரல் போன போக்கில் இருபத்தொரு பெயரும் அடித்து முடித்தேன். சுவாமி வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். பொலிஸில் வாசிக்காமல் முத்திரை குத்தினார்கள். பன்னிரண்டாவது பெயர் அன்ரன் என்பதை ஒரு குருவியும் காணவில்லை.

ஹெந்தளைக்குப் போகிற வழியில் ஆற்றுப் பாலத்தடியில் மறித்தார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். இளம் சிப்பாய் ஒருவன் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக அடையாள அட்டையோடு முன்னே போக, அவன் பெயருக்குப் பக்கத்தில் சரி போட்டான். ஒன்பதாவது பெயர் போகும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பட்டியலில் உள்ள ஆள் லொறியில் இல்லையென்றால் வழியில் எங்கோ இறங்கி ஒளிந்துவிட்டான் என்று அர்த்தம். அப்படி ஓர் ஆளைத் தேடத் தொடங்கினால் மற்ற இருபது பேரும் அன்றைக்கு வீடு போகமாட்டோம்.

"அன்ரன்," என்றான். ஒருவரும் அசையவில்லை. திரும்பவும் கூப்பிட்டுவிட்டு, "மெயா கோ?" என்றான். இவர் எங்கே என்கிறான்.

"அசனீபய் சேர்," என்று மாஸ்டர் அவசரமாகச் சொன்னார், சுகமில்லை என்று.

நீ வரிசையை விட்டு வெளியே வந்தாய். "அசனீப நெஹெ," என்றாய் உன் உடைந்த சிங்களத்தில். "மெயா ஒயாலா லங்க." சுகமில்லாமல் இல்லை, இவர் உங்களிடம்தான் இருக்கிறார் என்று.

ஐயோ, அந்த நேரம்! அவன் துப்பாக்கி வாரைச் சரிசெய்துகொண்டு உன்னை மேலும் கீழும் பார்த்தான். நீ அவனுடைய கையிலிருந்த பேனையைக் காட்டி, எழுது என்றாய். ஆள் இல்லை என்று எழுது. அவன் என்ன நினைத்தானோ தெரியாது. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஏதாவது குறி போட்டுத்தான் மேலே ஒப்படைக்க வேண்டும் போலிருக்கிறது. வெறுமையாக விட்டால் அவனுக்குத்தான் ஏச்சு. பன்னிரண்டாம் பெயருக்குப் பக்கத்தில் சிங்களத்தில் 'இல்லை' என்று எழுதி, கீழே தன் சின்னக் கையெழுத்தையும் போட்டான். இரண்டு மாதத்துக்கு மேல் அலைந்து கிடைக்காதது அங்கே கிடைத்தது. அரசாங்கச் சீருடை போட்ட ஒருவன் அன்ரன் அண்ணன் இல்லை என்று எழுதிவிட்டான். அதைப் பார்த்து நீ தலையை ஆட்டினாய்.

அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. கரோல் ஆட்கள் என்றால் பாடிக்காட்டுங்கள் என்றான். மாஸ்டர் கையை உயர்த்த மணிப்பாட்டைத் தொடங்கினோம். இரண்டு வரிகூடப் போகவில்லை. ஒருவருக்கும் பல்லைக் காட்ட முடியவில்லை. அந்த இடைவெளியில் நீ தொடங்கினாய். சத்தம் போடாமல் உறங்கு மகனே. நான் உன்னைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பிறகு இன்னொருத்தி, பிறகு பின்வரிசை. மாஸ்டரின் கை உயர்ந்தபடியே நின்றது. பிறகு அது தானாகத் தாளம் போடத் தொடங்கியதையும் கண்டேன். சிப்பாய்க்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. விளங்கியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் எழுத நான் இல்லை. "ஹரி, யன்ன," என்றான். சரி, போகலாம்.

லொறியில் ஏறியதும் மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை! "கண் பொட்டையோ உனக்கு? இருபது உயிர்!" என்று ஏசினார். நான் விம்மி விம்மி அழுதேன். நீ என் முதுகைத் தடவிக்கொண்டு, "அழாதையடி. வருஷத்திலை ஒருக்கா அவையின்ரை வாயாலை இவற்றை பேரைக் கூப்பிட வைச்சிருக்கிறாய்," என்றாய். பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பி, "வாற வருஷமும் இவற்றை பேர் லிஸ்டிலை இருக்கும்," என்றாய். கேட்கவில்லை. அறிவித்தாய்.

அப்படித்தான் வருஷத்துக்கு வருஷம் நடந்தது. சாவடியில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள். ஒருவன் சிரித்தான், ஒருவன் பட்டியலை உன் முகத்தில் எறிந்தான். ஒருவன் நம்மை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்தான். ஆனால் பெயரைக் கூப்பிட்டார்கள். நீயும் அதே பதிலைச் சொன்னாய். மூன்று குடும்பம் தங்கள் பிள்ளைகளைக் கொயரிலிருந்து எடுத்துவிட்டது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. பயம் எல்லாருக்கும் இருந்தது.

எனக்கும் இருந்தது. குண்டு வெடித்து ஊரே கலங்கிக் கிடந்த ஒரு மார்கழியில் நான் அவர் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடித்தேன். இருபது பெயர். முத்திரையும் குத்தி வாங்கிவிட்டேன். கோயில் வாசலில் பட்டியலை வாங்கி ஒரு பார்வை பார்த்தாய். என் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து, முத்திரைக்குக் கீழே கையால் அவர் பெயரை எழுதினாய். முத்திரைக்குக் கீழே கையால் எழுதினால் அது கள்ளப் பட்டியல் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினாய். அன்று நம்மை மறித்து வைத்துச் சுவாமி வந்து கதைத்த பிறகுதான் விட்டார்கள். ஒரு வீட்டுக்கும் போகாமல் திரும்பினோம். நீ என்னிடம், "பயமெண்டாச் சொல்லு, நானே டைப் பழகிறன்," என்றாய். ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த ஒரு வருஷத்துக்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன். உன்னிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

பாட்டு அதற்குள் கால் முளைத்து ஊர் சுற்றிவிட்டது. வீட்டு வாசலில் லொறி நின்றதும், "மணிப்பாட்டு வேண்டாம், மற்றப் பாட்டைப் பாடுங்கோ," என்பார்கள். காரணம் கேட்கமாட்டோம். கேட்காமலே தெரியும்: சுவரில் மாலை போட்ட படமோ, மாலை போடாத படமோ இருக்கும். மாலை போடாத வீடுகளில் நீ இன்னும் மெல்லப் பாடுவாய். ஜிந்துப்பிட்டியில் முருகன் கோயிலுக்குப் பக்கத்து வீட்டு ராணியக்கா ஒருநாள் லொறியை மறித்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகன் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. "நாங்க முருகனக் கும்புடுற ஆளுங்கதாம்மா. இருந்தாலும் அந்தப் பாட்ட எங்க வீட்டுலயும் வந்து பாடிட்டுப் போங்க. அழுவுறதுக்கு ஒரு பாட்டாச்சும் வேணும்ல," என்றார். சந்தோஷம் வராதவர்களுக்கும் மார்கழி வரத்தானே செய்கிறது. அவர்களுக்கு நீ ஒரு பாட்டு வைத்திருந்தாய்.

மாஸ்டர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வருஷம் ஒத்திகைக்குக் கையில் கடதாசியோடு வந்து, "இது ஒரே இழுவை. இரண்டாம் குரல் போட்டால்தான் நிக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டு எனக்கொரு வரிசை எழுதித் தந்தார். அதில் கீழ்க்குரலுக்கு வெறும் கோடு மட்டும் போட்டிருந்தார். "அதுக்கு ஆள் வரட்டும்," என்றார். நீ வெளியே போய் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாய்.

யுத்தம் முடிந்தது. சாவடியைக் கழற்றினார்கள். முத்திரையும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். நான் அப்பாடா என்று இருந்தேன். "லிஸ்டை அடி," என்றாய். "ஆர் கேக்கிறது இப்ப?" என்றேன். "கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. நீ அடி." அதன் பிறகு கோயில் முற்றத்திலே நாமே பெயர் கூப்பிட்டோம். அவருடைய பெயர் வரும்போது நீ தமிழில் சொல்வாய்: "அவங்களிட்டை." அந்த 'அவங்கள்' ஆர் என்று கேட்கிற அளவுக்குச் சின்னப் பிள்ளைகள் கொயருக்கு வந்துவிட்டார்கள். கேட்ட எல்லாருக்கும் உட்கார்த்தி வைத்துச் சொன்னாய்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை. உன் குரல் போய்விட்டது, காற்று மட்டும் வந்தது. நான் ஜெபமாலையை எடுத்தேன். நீ அதைத் தள்ளிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாய். "நான் செத்தா என்ரை பேரை வெட்டு. நான் எங்கை எண்டு எல்லாருக்கும் தெரியும்," என்றாய். மூச்சு வாங்கியது. "அவற்றை பேரை வெட்டாதை." சரியடி என்றேன். சத்தியம் பண்ணு என்றாய். அந்த நிலையிலும் என்னை முழுதாக நம்பவில்லை நீ. நம்பாமலிருக்க உனக்குக் காரணமும் இருந்தது. சத்தியம் பண்ணினேன்.

நேற்றுப் பின்னேரம் கரோல் சுற்று. மாஸ்டர் போய்ச் சேர்ந்த பிறகு கொயரைப் பார்க்கிறவள் ஒரு சின்னப் பெட்டை, நல்ல பிள்ளை. "அன்ரி, இந்த வருஷம் அந்த ரெண்டு பேரையும் எடுத்துடுவமா? பாக்கக் கவலையா இருக்கு," என்றாள். "ஒண்டை எடுக்கலாம்," என்றேன். பேனையை வாங்கி உன் பெயரை நானே வெட்டினேன். ஒரே கோடு. கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு பட்டியலை அவளிடம் கொடுத்தேன்.

முற்றத்தில் நின்று அவள் வாசித்தாள். ஒவ்வொருவராக ஓம் சொன்னார்கள். "அன்ரன்," என்று வாசித்துவிட்டு, பழக்க தோஷத்தில் நீ நிற்கிற இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு உன்னைப் போல் குரல் இல்லை. சுதி கீழேதான் போகும். இருந்தாலும் வீதியால் போகிறவனுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்:

"அவங்களிட்டை. இன்னும் தரேல்லை."